ஊருணிக்குள் ஒரு பஸ் ஸ்டாப்

“நாலு பேர் சொன்னால் நாடு கேட்கும், நாற்பது பேர் சொன்னால்...” என்று எங்கள் பழைய பஞ்சாயத்துத் தலைவர் ராக்கப்பப் பெரியப்பா ஒவ்வொரு ஆகஸ்டு பதினைந்துக்கும் கொடியேற்றிவிட்டுப் பேசுவார். நாற்பது பேர் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு ஞாபகமில்லை. சரியாக அந்த இடத்தில்தான் மிட்டாய்த் தட்டைத் திறப்பார்கள். இப்போது ஊர் திரும்பிய பிறகு விசாரித்துப் பார்த்தேன். நாடே ஓடும் என்றார் ஒருத்தர். நாய் குரைக்கும் என்றார் இன்னொருத்தர். இரண்டுமே நடக்கக்கூடியதுதான் என்பதால் மேற்கொண்டு கிளறவில்லை.

எங்கள் ஊர் ஓணானேந்தல். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு தெரு. எந்தக் காரியமானாலும் மண்டகப்படி முறைதான். அய்யனார் திருவிழாவில் முதல் நாள் செலவு வடக்குத் தெரு, மறுநாள் தெற்குத் தெரு என்று எந்தக் காலத்திலோ பிரித்துவிட்டார்கள். அதில் இதுவரை சண்டை வந்ததில்லை. சண்டை வராத முறையை மற்றதற்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று ஊருக்குத் தோன்றிவிட்டது. ஒரு தடவை குரங்குக் கூட்டம் வந்தபோது, குரங்கு விரட்டும் மண்டகப்படி கிழக்குத் தெருவுக்கு விழுந்தது. இன்றைக்கும் வடக்குத் தெருவில் ஒரு குரங்கு சோற்றுச் சட்டியைத் தூக்கினால், கிழக்குத் தெருவிலிருந்து ஆள் வரும்வரை வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குரங்கும் அவசரப்படாமல் சாப்பிடும். மண்டகப்படியைக் கைமாற்றினால் சாமி குத்தம்.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் எங்கள் ஊர் பிரிகிற விலக்கில் இறங்கிக் கருவேலங்காட்டு வழியே நடந்து வர வேண்டும். இதனால் ஊரில் எல்லோரையும்விட அதிகமாகப் பாதிக்கப்பட்டவன் தெற்குத் தெரு பூவலிங்கம். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். தங்கமான பிள்ளை. வயது முப்பத்தாறு ஆகிவிட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பி வருவார்கள். பாதிக் காட்டில் வெயில் தாங்காமல் திரும்பிவிடுவார்கள். அவனுடைய வீட்டை இதுவரை எந்தச் சம்பந்தியும் கண்ணால் பார்த்ததில்லை.

கடைசியாக வந்த சம்பந்தம் சோலையப்பன் மகள் மேகலா. ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்கும் பூவலிங்கத்துக்கும் பேச்சு ஒத்துப்போய்விட்டது. சோலையப்பன்தான் ஒரு முட்டுக்கட்டை போட்டார்.

“மாப்பிள்ளை, என் முழங்கால் இனிமே நடக்கிற முழங்கால் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்துட்டு நல்லது கெட்டதுக்கு எட்டிப் பாக்க முடியலேன்னா எப்படி? உங்க ஊருக்கு பஸ் வந்தா பொண்ணு வரும். வரலேன்னா பொண்ணு வேற ஊருக்குப் போயிரும். ஆவணி வரைக்கும் பாக்குறேன்.”

பூவலிங்கத்தின் அதிர்ஷ்டம், அந்த ஆனியிலேயே போக்குவரத்து ஆபீசில் புது வழித்தடங்களுக்காக ஊர் ஊராய்ப் பொதுமக்கள் கருத்துக் கேட்டார்கள். நல்லசிவன் என்ற அதிகாரி எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ரெத்தினாவதிக்கு போன் போட்டார்.

“அம்மா, எல்லாத் தரப்புக் கருத்தும் வரணும். ஊரே ஒரே மாதிரி பேசுச்சுன்னா, யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசுறாங்கன்னு மேலதிகாரிங்க தள்ளுபடி பண்ணிருவாங்க. ஆதரவு, எதிர்ப்பு, சந்தேகம், கருத்து இல்லை, நாலும் இருந்தாத்தான் கூட்டம் நடந்ததா அர்த்தம்.”

ரெத்தினாவதி அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டினார்.

“எல்லாரும் பஸ் வேணும்னுதானே சொல்லப் போறோம்?” என்றார் வடக்குத் தெருக்காரர் ஒருவர்.

“அதுதான் சிக்கல். எதிர்ப்புக்கு ஆள் இல்லை,” என்றார் தலைவர்.

“எதிர்ப்பு இல்லேன்னா பஸ் வராதா?”

ஊரில் எந்த வழக்கு முட்டிக்கொண்டாலும் தீர்த்து வைப்பவர் உடையப்பன். அவர் தொண்டையைச் செருமினார். “நாலு தரப்பும் வேணும்னு சார் வாய் விட்டுக் கேட்டிருக்காரு. விருந்தாளி கேட்டும் ஊறுகாய் வைக்காம இலை போடலாமா?”

போடக்கூடாது என்று எல்லோருக்கும் பட்டது. நாலு கருத்து, நாலு தெரு. கணக்கு இவ்வளவு சரியாக வந்ததைப் பார்த்து, இது அய்யனார் செயல்தான் என்று சாமி முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வடக்குத் தெருவுக்கு ஆதரவு விழுந்தது. கிழக்குக்குச் சந்தேகம். மேற்குக்குக் கருத்து இல்லை. தெற்குத் தெருவுக்கு எதிர்ப்பு.

தெற்குத் தெருவில் மைக் முன்னால் நாக்கு புரளக்கூடிய ஒரே ஆள் பூவலிங்கம்.

“தலைவரம்மா, பஸ் வரலேன்னா எனக்குக் கல்யாணமே இல்லை. நான் எப்படி எதிர்த்துப் பேசுறது?”

“நீ எங்கே எதிர்க்கிற? தெரு எதிர்க்குது. நீ வாயை மட்டும் குடு.”

“அப்போ அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வடக்குத் தெருவுல நின்னுக்கிறேனே?”

“மண்டகப்படியைக் கைமாத்துறதா!” என்று கூட்டம் மொத்தமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூவலிங்கமும் சேர்ந்து போட்டுக்கொண்டான். அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. வெளியூரில் இருந்த காலத்தில் நானும் எத்தனையோ கருத்துக் கேட்பு பார்த்திருக்கிறேன். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பிடுங்குவார், நாற்காலி பறக்கும். ஓணானேந்தலில் நடந்ததைப் போல ஒழுங்கான கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் வடக்குத் தெரு. ஆதரவுதானே, அதில் பேச என்ன இருக்கிறது என்று யாரும் தயாரித்து வரவில்லை. “பஸ் வேணும். வணக்கம்,” என்று ஒருவர் சொல்லிவிட்டு இறங்கினார்.

கிழக்குத் தெருக்காரர்கள் சந்தேகங்களோடு வந்திருந்தார்கள். பஸ் முன்னால் மாடு வந்தால் யார் ஒதுங்குவது? பஸ் திரும்பிப் போகும்போது பின்பக்கமாகவே போகுமா, அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகுமா? பஸ் காலியாக வந்தால் ஊருக்கு அவமானம் இல்லையா? நல்லசிவன் கர்மசிரத்தையாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

மேற்குத் தெரு மொத்தமும் வரிசையில் வந்தது. ஒவ்வொருவராக மைக் முன்னால் நின்று, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்கள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையையும் மைக்கில் காட்டினார்கள். ஒரு குழந்தை அழுதுவிட்டது. கருத்துச் சொல்லிவிட்டதாக அந்தத் தாய்க்குத் தெருவில் பேச்சு வாங்க நேர்ந்தது.

பிறகு பூவலிங்கம் எழுந்தான். ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல.

“பெரியோர்களே! பஸ் வந்தா சொந்தக்காரன் வருவான். சொந்தக்காரன் வந்தா கோழி போகும். இன்னைக்கு எங்க ஊர்ல கோழிங்க வயசாகி, பேரன் பேத்தி பாத்துட்டு, தானா சாவுது. இந்த நிம்மதி எந்த ஊர்க் கோழிக்குக் கிடைச்சிருக்கு? பஸ் வந்தா நேரம்னு ஒண்ணு கூடவே வரும். இப்ப எங்கள்ல யாரும் எதுக்கும் பிந்தினதில்லை. ஏன்னா எதுவும் எங்களை விட்டுட்டுப் போனதில்லை. பஸ்ஸுன்னா ஒரு நாள் போயிரும். நாம கையைக் காட்டிக்கிட்டே நிப்போம். அந்த ஏக்கத்தை எங்க பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க!”

கைதட்டல் ஓய வெகுநேரமானது. வடக்குத் தெருவில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோழி வளர்க்கிற ஒரு அம்மாள் எழுந்து, “பஸ் வேண்டாம்!” என்று கத்தியே விட்டாள். அவளைப் பிடித்து உட்கார வைத்து, அவள் ஆதரவுத் தெரு என்பதை ஞாபகப்படுத்த வேண்டியதாயிற்று.

நல்லசிவன் பூவலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, பஸ் மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?”

“கோவமா? உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன் சார், எப்படியாவது பஸ்ஸை விட்டுருங்க. பஸ் வரலேன்னா எனக்குப் பொண்ணு இல்லை சார்.”

“அப்போ இவ்வளவு நேரம் பேசுனது?”

“அது தெருவோட கருத்து சார். என் கருத்தை யாரு கேட்டா?”

நல்லசிவன் நல்ல மனிதர். ஒரு வாரம் பஸ் விட்டுப் பார்ப்பதாகவும், ஆள் ஏறினால் நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார்.

“ஸ்டாப் எங்கேன்னு நீங்களே முடிவு பண்ணி ஒரு கம்பம் நட்டு வைங்க. நாலு தெருவுக்கும் சம தூரத்துல இருக்கணும், அவ்வளவுதான். அந்தத் தெருவுக்குக் கிட்ட, இந்தத் தெருவுக்கு எட்டன்னு பின்னாடி பிராது வரக்கூடாது.”

அவர் போன கையோடு நாலு கிணற்றுக் கயிறுகளை ஒரே நீளத்துக்கு வெட்டி, நாலு தெரு முனையிலிருந்தும் இழுத்தார்கள். நாலு கயிறும் சந்தித்த இடம் ஊர் நடுவிலிருக்கும் ஊருணிக் குளத்தின் நட்டநடு.

ரெத்தினாவதிக்குக் கொஞ்சம் தயக்கம். “தண்ணி கிடக்கே உடையப்பண்ணே. கொஞ்சம் தள்ளிக் கரையில நட்டா என்ன?”

“எந்தக் கரையில? மேலக்கரையில நட்டா மேற்குத் தெருவுக்குக் கிட்ட. கீழக்கரையில நட்டா கிழக்குக்குக் கிட்ட. சார் சம தூரம்னுதான் சொன்னாரு. ஈரம் கூடாதுன்னு சொன்னாரா?”

“சொல்லலை.”

“படிச்ச மனுசன். ஈரம் கூடாதுன்னா சொல்லியிருக்க மாட்டாரா?”

பூவலிங்கமே கம்பத்தைச் செய்தான். தகரப் பலகையை வெல்டிங் வைத்து, ‘ஓணானேந்தல் பஸ் நிறுத்தம்’ என்று எழுதி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நட்டுவிட்டு வந்தான். மறுநாளே ஒரு மீன்கொத்தி அதில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தது.

முதல் நாள் பஸ் வந்தது. மேலக்கரையில் நின்றது. டிரைவர் பார்த்தால், ஊரே ஊருணிக்குள் நிற்கிறது. ஆண்கள் வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, பெண்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பஸ்ஸைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் படியில் நின்று கூவினார். “குளிச்சது போதும்! ஏறுறவங்க வாங்க!”

“நாங்க குளிக்கலை! ஸ்டாப்புல நிக்கிறோம்! பஸ்ஸை ஸ்டாப்புக்குக் கொண்டு வாங்க!”

“தண்ணிக்குள்ள பஸ் வராதுய்யா! நீங்க கரைக்கு வாங்க!”

உடையப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நியாயம் கேட்டார். “கண்டக்டரே, டவுன்ல ஸ்டாப் இல்லாத இடத்துல கையைக் காட்டினா நிறுத்துவீங்களா?”

“மாட்டோம்.”

“பின்னே எங்களை மட்டும் ஸ்டாப் இல்லாத இடத்துல ஏறச் சொல்றீங்களே, நாங்க சட்டம் தெரியாதவங்கன்னா?”

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். விசிலை ஊதினார். பஸ் காலியாகப் போயிற்று. ‘பஸ் காலியாகப் போனால் ஊருக்கு அவமானம்’ என்று கிழக்குத் தெரு முன்பே சந்தேகப்பட்டதை எல்லோரும் பாராட்டினார்கள்.

தினமும் இதே கதை. தலைவர் நல்லசிவனுக்கு போன் போட்டு, “பஸ் ஸ்டாப்புல நிக்காமப் போகுது சார்,” என்று புகார் சொன்னார். நல்லசிவன் டிரைவரை வைதார். டிரைவர், “நீந்தத் தெரிஞ்ச வண்டியா குடுங்க சார்,” என்றார். ஒன்றும் புரியாமல், கடைசி நாளன்று நல்லசிவனே அந்த பஸ்ஸில் ஏறி வந்தார். அதே பஸ்ஸில் மகள் மேகலாவைக் கூட்டிக்கொண்டு சோலையப்பனும் வந்தார்.

கரையில் இறங்கி ஊருணியைப் பார்த்த நல்லசிவன், கரையோர வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோலையப்பனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கிய சந்தோஷத்தில் இருந்தார்.

“பொண்ணு குடுக்கிற இடம். மாப்பிள்ளை எப்படின்னு ஊர்ல நாலு பேர் கருத்தைக் கேட்டுக்கலாம்னு வந்தேன்,” என்றார்.

ரெத்தினாவதியின் முகம் மலர்ந்தது. “கருத்துக் கேட்பா? ஏம்ப்பா, எல்லாரும் மேல வாங்க. தெரு வாரியா வரிசையில நில்லுங்க!”

ஊர் சொட்டச் சொட்டக் கரையேறி வரிசையில் நின்றது. சம்பந்தி வருகிறார் என்று பட்டுச் சட்டை போட்டுக் கரையிலேயே நின்றிருந்த பூவலிங்கமும் தெற்குத் தெரு வரிசையில் போய் நின்றான்.

வடக்குத் தெருக்காரர் முன்னால் வந்தார். “பையன் வேணும். வணக்கம்.”

கிழக்குத் தெருக்காரர், “எங்களுக்குச் சந்தேகமா இருக்கு,” என்றார்.

“என்ன சந்தேகம்?” என்று பதறினார் சோலையப்பன்.

“அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்.”

மேற்குத் தெரு வரிசையாக வந்து, சோலையப்பனை முறைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிற்று. சோலையப்பனுக்கு வியர்த்துவிட்டது. பிறகு தெற்குத் தெரு சார்பில் பூவலிங்கம் வந்து நின்றான். தெருவைத் திரும்பிப் பார்த்தான். தெரு அவனையே பார்த்தது. பேச ஆரம்பித்தான்.

“ஐயா, இந்தப் பூவலிங்கம் பாக்கத்தான் சாது. குறட்டை விட்டான்னா, பக்கத்து வீட்டுக்காரர் கிணத்து மோட்டாரை யாரோ போட்டுட்டாங்கன்னு எழுந்து போயி அணைக்கப் பாப்பாரு. சாம்பார்ல காயைப் பொறுக்கி ஓரமா வைப்பான். உச்சியில முடி கொட்டிருச்சு. இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு இழுத்துச் சீவி மூடி வச்சிருக்கான், காத்தடிச்சா தெரிஞ்சிரும். அவன் வெல்டிங் வச்ச இரும்புக் கேட்டு ஒண்ணுகூட உதைக்காம மூடாது. அம்மா திட்டினா எதுத்துப் பேசத் துப்பில்லாம, பட்டறைக்குப் போயி சும்மா கிடக்கிற இரும்பை அடிப்பான். இவனுக்குப் பொண்ணு குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க!”

தெற்குத் தெரு கைதட்டியது. மேகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

சோலையப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்ப்பா, நீதானே பூவலிங்கம்?”

“ஆமா மாமா.”

“அப்போ ஒரே பேச்சாச் சொல்லு. என் மகளைக் கட்டிக்கச் சம்மதமா, இல்லையா?”

பூவலிங்கம் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். “தெரு ஒத்துக்காது மாமா,” என்றான். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

“கிளம்பு தாயி,” என்று சோலையப்பன் மகள் கையைப் பிடித்து பஸ் பக்கம் திரும்பினார். மேகலா நகராமல் நின்றாள்.

“இருங்க, இருங்க!” என்று உடையப்பன் குறுக்கே வந்தார். “தலைவரம்மா, இவன் தெற்குத் தெருவுல நின்னா எதிர்ப்பு. வடக்குல நிக்கக் கூடாது. சரி. அந்தக் கம்பம் எந்தத் தெருவுல நிக்குது?”

“எந்தத் தெருவுலயும் இல்லை. அதுதான் சம தூரத்துல நட்டோமே.”

“அப்போ அங்க நிக்கிறவனுக்கு மண்டகப்படி உண்டா?”

ஊர் யோசித்தது. இல்லை என்று ஊருக்குப் பட்டது. முடிவு வரும்வரை பூவலிங்கம் காத்திருக்கவில்லை. பட்டுச் சட்டையோடு ஊருணிக்குள் குதித்து, தவளைகள் நாலாபக்கமும் தெறிக்க ஓடி, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“சம்மதம் மாமா! முழுச் சம்மதம்! குறட்டைக்கு வைத்தியம் பாத்துக்கிறேன்! கத்திரிக்காயும் திங்கிறேன்! எனக்கு மேகலாவும் வேணும், பஸ்ஸும் வேணும்!”

நனைந்ததில் முடி ஒரு பக்கமாக வழிந்து, உச்சி வெயிலில் பளபளத்தது. சோலையப்பன் மகளைப் பார்த்தார்.

“குறையெல்லாம் அவரே சொல்லிட்டாருப்பா,” என்றாள் மேகலா. “கட்டின பிறகு நானாக் கண்டுபிடிக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. எனக்குச் சம்மதம்.”

“பொண்ணு சரி. பஸ்ஸு?” என்று சோலையப்பன் நல்லசிவன் பக்கம் திரும்பினார். “அது நின்னுச்சுன்னா இதுவும் நின்னுரும், சொல்லிட்டேன்.”

வேப்பமரத்தடியில் நல்லசிவன் தெளிந்து எழுந்திருந்தார். “அந்தக் கம்பத்தைப் பிடுங்கிக் கரையில நட்டுருங்களேன்யா,” என்றார் மெதுவாக.

“இந்தக் கரை மேற்குத் தெருவுக்குக் கிட்ட சார்.”

இதைப் பற்றி மேற்குத் தெருக்காரர்கள் எதுவும் சொல்லவில்லை.

நல்லசிவன் பெருமூச்சு விட்டார். “சரி, கம்பம் அங்கேயே இருக்கட்டும். நீங்க கரையிலயே ஏறுங்க. இதை நான் உத்தரவாவே சொல்றேன். ஆனா ஸ்டாப்புன்னு ஒண்ணு இருந்தா அங்க ஆள் நிக்கணும். தினமும் பஸ் வர்ற நேரத்துக்குக் கம்பத்துக்கிட்ட ஒரு ஆளாவது நின்னா பஸ் வரும். ஆள் நிக்காத அன்னைக்கு ரூட்டை எடுத்துருவேன்.”

அன்றிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ் வருகிறது. முறை வைத்து, தினம் ஒருவர் கம்பத்தடியில் நிற்பார். மற்றவர்கள் கரையில் ஏறிப் போவார்கள். நிற்கிறவர் மட்டும் ஏறமாட்டார். அவரும் ஏறிவிட்டால் ஸ்டாப்பில் யார் நிற்பது?

ஆவணியில் முகூர்த்தம். கல்யாணம் பெண் ஊரில். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் எங்கள் ஊர் பஸ்ஸிலேயே வந்து இறங்க வேண்டும் என்பது சோலையப்பனின் ஆசை. முந்தின வாரம் ஊர் கூடியது. கல்யாணத்தன்று யார் கம்பத்தடியில் நிற்பது என்பதுதான் பேச்சு.

“சீர்த்தட்டுத் தூக்குறது வடக்குத் தெரு மண்டகப்படி. ஒரு தட்டு குறைஞ்சாலும் ஊருக்குக் கேவலம்,” என்றார்கள் வடக்குத் தெருக்காரர்கள்.

“பந்தியில உப்பு சரியா இருக்கான்னு சந்தேகப்பட ஆள் வேண்டாமா?” என்றது கிழக்குத் தெரு.

மேற்குத் தெரு பேசவில்லை. ஆனால் எல்லோரும் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

“பங்காளிங்க நாங்க இல்லாம மாலை எடுத்துருவீங்களா?” என்றது தெற்குத் தெரு. “நாங்க வரலேன்னா நாளைக்குப் பூவலிங்கம் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

உடையப்பனே கையை விரித்துவிட்டார். ஆள் நிற்காவிட்டால் ரூட் போய்விடும். ரூட் போனால் சோலையப்பன் தாலி கட்ட விடமாட்டார். ஊர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பூவலிங்கம் எல்லோருடைய முகத்தையும் பார்த்தான். தன் கல்யாணத்தைப் பார்க்க ஒருத்தர் பாக்கியில்லாமல் ஊரே ஆசைப்படுகிறதே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

“யாரும் எனக்காக நிக்க வேண்டாம்,” என்றான். “எல்லாரும் போயி கல்யாணத்தை நல்லபடியா நடத்தி வச்சிட்டு வாங்க.”

முகூர்த்தத்தன்று பஸ் வரும் நேரத்துக்குக் கம்பத்தடியில் தானே நிற்பதென்று முடிவு செய்தான்.